வீணைக்குப் பக்கத்தில் இருந்த துவாய்

வாசகர் கேள்வி:

எங்கள் அம்மா 2025 ஓகஸ்ட் 9 காலை யாழ்ப்பாணத்தில் காலமானா. வயது 76. வீணையும் வாய்ப்பாட்டும் படிப்பித்தவா. ஊர்ப்பிள்ளைகளை வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளுக்கு நாற்பது வருடத்துக்கு மேல் ஆயத்தப்படுத்தினா. சம்பளம் என்று ஒருவரிடமும் வாய்திறந்து கேட்டதில்லை; யன்னலில் ஒரு பால்மாப் பேணி இருக்கும், முடிந்தவர்கள் போடுவார்கள். மழைக்கு நனைந்து வரும் பிள்ளைகளின் தலை துடைக்க வீணைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு துவாய் வைத்திருப்பா. 1995 இடப்பெயர்வில் வீணையை விட்டுவிட்டுச் சுருதிப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனா. தென்மராட்சியில் நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில் இரவிலே பிள்ளைகளைக் கூட்டி வைத்துத் தேவாரம் சொல்லிக்கொடுத்தா. 31ஆம் நாளுக்கு நினைவு மலர் போட எங்களால் முடியவில்லை. வருகிற ஓகஸ்ட் 9 ஆண்டுத் திவசத்துக்காவது போட வேண்டும். நான் ரொறன்ரோவில், அண்ணா லண்டனில், தங்கச்சி ஊரில். கையில் இருப்பவை நாற்பது படம், ஐந்து கசற், இரண்டு சுரக் கொப்பி, திரும்பி வந்த பிறகு வாங்கிய வீணை. எழுத உட்கார்ந்தால் "அன்பின் உறைவிடம், கருணைக் கடல்" என்பதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் பிரிவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். மலர் 31க்கு வரவில்லையே என்று வருந்த வேண்டாம். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு முதல் மூன்று கிழமையில் அழுதுகொண்டே தொகுக்கும் மலர்களில்தான் பெயர்கள் விடுபடுகின்றன, படங்கள் மங்கலாகின்றன, எல்லாக் கட்டுரையும் ஒரே கட்டுரையாகின்றன. உங்களுக்கு ஐந்து மாதம் இருக்கிறது. நல்ல மலர் செய்ய அது போதும்.

ஆனால் முதலில் திகதியைச் சரிபார்க்க வேண்டும். திவசம் திதிக்கு வருவது, ஆங்கிலத் திகதிக்கு அல்ல. அம்மா காலமான 2025 ஓகஸ்ட் 9 காலை ஆடி மாதத்துப் பூரணை. 2026இல் ஆடிப் பூரணை யூலை 29, புதன்கிழமை வருகிறது. நீங்கள் மனதில் வைத்திருக்கும் நாளுக்குப் பதினொரு நாள் முந்தி. அச்சகத்துக்கு "ஓகஸ்ட் முதல் கிழமை கிடைத்தால் போதும்" என்று சொல்லியிருந்தால் இன்றே மாற்றிச் சொல்லுங்கள். திவசம் செய்விக்கும் ஐயாவிடமும் ஒரு முறை கேட்டு உறுதிசெய்யுங்கள். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு வகைப் பஞ்சாங்கமும் திதி தொடங்கி முடியும் நேரத்தில் சில மணித்தியாலம் வேறுபடும். உங்கள் வீடு எதைப் பின்பற்றுகிறது என்பது அவருக்குத் தெரியும். மலர் யூலை 20க்குள் கையில் இருக்க வேண்டுமானால், பிழைதிருத்தி முடித்த கோப்பு யூலை 1க்கு அச்சகம் போக வேண்டும். கட்டுரைகளுக்கு மே 15ஐக் கடைசி நாளாக வையுங்கள். உறவினருக்கு ஏப்ரல் 30 என்று சொல்லுங்கள். இரண்டு கிழமை பிந்தித்தான் வரும்.

திதி வெண்பாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எங்கள் மலர்களின் முதல் பக்கம் அதுதான், பிழை கூடுதலாக விழும் இடமும் அதுதான். ஆண்டு, மாதம், பட்சம், திதி, காலமானவர் பெயர், இறைவனடி சேர்ந்த செய்தி இவ்வளவும் நான்கு அடிக்குள் அடங்க வேண்டும். முதலில் வரும் பிழை ஆண்டுப் பெயர். தமிழாண்டு சித்திரையில் மாறுவதால், சனவரிக்கும் ஏப்ரல் நடுப்பகுதிக்கும் இடையில் காலமானவர்களுக்கு முந்திய ஆண்டின் பெயரே வரும். உங்கள் அம்மாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை: ஆண்டு விசுவாவசு. வெளிநாட்டில் காலமானவர்களுக்குத் திதி பார்க்கும்போது இன்னொரு பிழை நடக்கும். ரொறன்ரோவில் கோடையில் இரவு 8 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை 5.30. இலங்கைப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதானால் அந்த நேரத்துக்கு மாற்றித்தான் பார்க்க வேண்டும். வெண்பா இப்படி அமையலாம்:

ஆண்டு விசுவா வசுவில் அணியாடி
பூண்ட வளர்பிறைப் பூரணையில் – வேண்டியே
ஈசன் இணையடிக்கீழ் எம்மன்னை சென்றமர்ந்த
பாசம் அறுத்த திதி

"எம்மன்னை" நிற்கும் இடத்தில் அம்மாவின் பெயர் வர வேண்டும். ஆனால் பெயரை அப்படியே தூக்கி வைத்தால் தளை தட்டும். முந்திய சீர் காய்ச்சீர் என்பதால் பெயர் நேரசையில் தொடங்க வேண்டும். அடுத்த சீர் "சென்றமர்ந்த" என்று நேரில் தொடங்குவதால் பெயர் விளச்சீராகவோ காய்ச்சீராகவோ முடிய வேண்டும். பெயர் அப்படி அமையாவிட்டால் அந்த அடியையே மாற்ற வேண்டும். இலக்கணம் தெரிந்த ஒரு தமிழாசிரியரைப் பிடியுங்கள், அரை மணித்தியால வேலை. பிழையான வெண்பாவைப் போடுவதைவிட வெண்பா இல்லாமல் ஆண்டு, மாதம், திதியை மட்டும் அச்சிடுவது நல்லது.

இனி உங்கள் பெரிய கவலைக்கு வருகிறேன். "ஒரு வரியும் வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். துவாய் வந்திருக்கிறது. பால்மாப் பேணி வந்திருக்கிறது. வீணையை விட்டுவிட்டுச் சுருதிப் பெட்டியைத் தூக்கிய கை வந்திருக்கிறது. மலருக்கு வேண்டிய எழுத்து இதுதான். "கருணைக் கடல்" என்பதை எந்த அம்மாவின் படத்துக்குக் கீழும் போடலாம், ஒருவருக்கும் அது பொய்யாகாது. அதனால்தான் அது உங்கள் அம்மாவைக் காட்டுவதில்லை. நனைந்த தலையைத் துடைக்க வைத்த துவாய் அவவுக்கு மட்டுமே சொந்தம். கட்டுரையை எழுதி முடித்த பிறகு சிவப்புப் பேனையால் எல்லா அடைமொழியையும் அடித்துவிட்டு, அடித்த ஒவ்வொரு இடத்திலும் "எப்படித் தெரியும்?" என்று உங்களையே கேளுங்கள். கருணையுள்ளவா என்று எப்படித் தெரியும்? பேணி யன்னலில் இருந்தது. யார் எவ்வளவு போட்டார்கள் என்று அம்மா உட்பட எவருக்கும் தெரியாது. போடாத பிள்ளைக்குத் தலைகுனிவு வரவில்லை. இந்த மூன்று வசனத்துக்குப் பிறகு கருணை என்ற சொல் தேவைப்படாது.

அம்மாவின் கோபத்தையும் ஓரிடத்தில் எழுதுங்கள். நாற்பது வருடம் சங்கீதம் படிப்பித்தவவுக்குத் தாளம் பிசகும்போது கோபம் வராமல் இருந்திருக்காது. கோபம் வந்தால் என்ன செய்வா, தொடையில் தட்டுவாவா, பாட்டை நிற்பாட்டிவிட்டுச் சும்மா இருப்பாவா, அதைப் பழைய மாணவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். குறை ஒன்றும் இல்லாத படத்தில் அவர்கள் தங்கள் ரீச்சரை அடையாளம் காண மாட்டார்கள்.

உங்களுக்குத் தெரிந்தது அம்மாவின் பாதி வாழ்க்கைதான். மீதி மற்றவர்களிடம் இருக்கிறது. ஆகவே எழுத உட்கார முன் கேட்க உட்காருங்கள். அம்மாவின் கூடப்பிறந்தவர்கள், கூடப்படித்தவர்கள், அயலட்டை, மூத்த மாணவர் நாலைந்து பேர், பள்ளிக்கூடத்தில் உங்களோடு தங்கியிருந்த ஒரு குடும்பம்: எட்டுப் பத்துப் பேர் போதும். வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். ஒரு தடவைக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதற்குப் பிறகு முதியவர்கள் களைத்துச் சுருக்கிச் சொல்லத் தொடங்குவார்கள். அனுமதி கேட்டுப் பதிவுசெய்யுங்கள்.

"அம்மா எப்படிப்பட்டவா?" என்று கேட்டால் "தங்கமான மனுசி" என்ற பதில்தான் வரும். கையையும் நேரத்தையும் பொருளையும் பற்றிக் கேளுங்கள். காலமை எத்தனை மணிக்கு எழும்புவா, எழும்பினதும் முதல் என்ன செய்வா? புதுப்பிள்ளை வந்தால் முதல் நாள் என்ன பாடவைப்பா? எந்தப் பாட்டை விரும்பித் திரும்பத் திரும்பப் பாடுவிப்பா? சமைக்கும்போது பாடுவாவா? அந்தப் பள்ளிக்கூடத்தில் விளக்கு இருந்ததா, இருட்டில் பாடினீர்களா, எத்தனை பிள்ளைகள்? கடைசிக் கேள்வியாக, "வேறு யாரைக் கேட்க வேணும்?" என்று கேளுங்கள். மலரின் அருமையான பக்கம் பெரும்பாலும் அந்தக் கேள்வியால் கிடைக்கும் ஆளிடமிருந்துதான் வரும்.

கேட்டதைச் சரிபார்க்கவும் வேண்டும். நினைவு ஆண்டுகளைக் கலக்கும். அதற்கு இடப்பெயர்வையே அளவுகோலாக வையுங்கள். வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறியது 1995 ஒக்டோபர் 30. பலர் திரும்பியது 1996 ஏப்ரலுக்குப் பிறகு. "அதுக்கு முந்தியா பிந்தியா?" என்று கேட்டால் பல ஆண்டுகள் தாமாகவே ஒழுங்காகும். சான்றிதழ்கள் போய்விட்டால் பாடசாலை ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், சொந்தக்காரரின் பழைய நினைவு மலர் ஆகியவற்றில் அம்மாவின் பெயர் இருக்கலாம். ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கும் "நூலகம்" இணையத்தளத்தில் இப்படியான மலர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஊர்ப்பெயரால் தேடுங்கள். அம்மா மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்திருந்தால் பட்டத்தின் பெயரைக் கவனமாகப் போடுங்கள். அங்கே பெற்றது "இசைக்கலைமணி", சங்கீத சபையின் பட்டம் "கலாவித்தகர்". இரண்டையும் மாற்றி அச்சிட்ட மலர்கள் உண்டு, சங்கீதக்காரர் கண்ணில் முதல் படுவது அதுதான்.

கசற்றுகளுக்கு வருவோம். இந்த ஐந்தும்தான் உங்களிடம் உள்ளவற்றில் விலைமதிப்பில்லாதவை, விரைவில் அழியக்கூடியவையும். முதல் வேலையாக, நாடா தெரியும் விளிம்புக்கு எதிர் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்ரிக் பற்களையும் முறித்துவிடுங்கள். அதன் பிறகு யாராவது தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அம்மாவின் குரலுக்கு மேல் வேறொன்று பதியாது. நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் ஓடவிடவே வேண்டாம். பூஞ்சணம் ரேப் ரெக்கோடரின் தலையில் ஒட்டி அடுத்த கசற்றுக்கும் போகும், நாடாவையும் சுரண்டும். அதைத் துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நாடாவுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகட்டில் சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கும். பழைய கசற்றில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். அது இல்லாவிட்டால் நாடா தலையோடு ஒட்டாமல் குரல் வந்து வந்து மறையும். கசற்றைப் பிழை சொல்லி எறிந்துவிடாதீர்கள், வேறொரு பழைய கசற்றின் கூட்டுக்குள் நாடாவை மாற்றலாம்.

ரேப் ரெக்கோடரின் தலையை ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். நெடுங்காலம் கிடந்த கசற்றை உடனே பாடவிடாமல், ஒரு முறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். இறுகி ஒட்டிய சுற்றுகள் தளரும். பிறகு கணினிக்குள் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், வேவ் கோப்பாக எடுங்கள். ஒரு மணித்தியாலப் பதிவு ஏறக்குறைய ஒரு கிகாபைற் வரும். இரைச்சலை நீக்கும் மென்பொருளை மூலக்கோப்பில் தொட வேண்டாம். பிரதி எடுத்து அதில் செய்யுங்கள். வீணையின் மீட்டு முடிந்த பிறகு தேயும் அந்த மெல்லிய ஒலியை மென்பொருள் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும்.

சங்கீதப் பதிவுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலும் உண்டு. பழைய ரேப் ரெக்கோடர்களின் வேகம் சரியாக இராது. வேகம் நூற்றுக்கு 6 கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறும், குரலும் இளசாகிவிடும். அம்மா எந்தக் கட்டையில் பாடுவா என்று மூத்த மாணவி ஒருவரிடம் கேட்டுச் சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து கட்டையில் பாடியவவின் பதிவு ஐந்தரையில் நின்றால், பிரதியில் வேகத்தை அந்த அளவுக்குக் குறையுங்கள். அதைச் செய்த பிறகுதான் அது அம்மாவின் குரலாகக் கேட்கும். மலரின் பின்னட்டையில் ஒரு கியூஆர் குறியீடு போட்டு அந்தப் பாட்டைக் கேட்க வழிசெய்யலாம். ஆனால் இலவச இணையச் சேவைகளின் முகவரி சில வருடத்தில் செத்துப்போகலாம். குறியீட்டை நம்பி இருக்காமல் மூன்று பேர் வீட்டிலும் ஒவ்வொரு வன்தட்டில் முழுப் பதிவையும் வைத்திருங்கள்.

படங்களைத் தங்கச்சி கைத்தொலைபேசியில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறா என்றால் நிற்பாட்டச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் உங்களிடம் வரும். திரையில் அழகாகத் தெரிந்து அச்சில் சேறாகும். ஸ்கானரில் எடுக்க வேண்டும். அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ போதும், அச்சில் இரண்டு மடங்கு பெருப்பிக்கலாம். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம் மட்டும்தான் இளமைக்காலப் படம் என்றால் 1200இல் எடுங்கள். ஏ5 பக்கத்தில் முக்கால் பங்குக்கு மேல் நிறையும். பசைத்தாள் அல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்க வேண்டாம். பல்லிடுக்கு நூலைப் பின்னால் விட்டு அறுப்பதுபோல் மெதுவாக அசைத்தால் கழரும். கழராவிட்டால் அல்பத் தாளோடு வைத்தே ஸ்கான் செய்யலாம். கண்ணாடியில் ஒட்டிப்போன படமும் அப்படியே, கண்ணாடியோடு. பிய்த்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். ஒவ்வொரு படத்திலும் இருப்பவர்களை இடமிருந்து வலமாக எழுதிக் கோப்பின் பெயரிலேயே ஆண்டைப் போடுங்கள். இடப்பெயர்வுக்கு முந்திய படங்கள் உங்களிடம் குறைவாக இருக்கும். வெளிநாடு போன சொந்தக்காரரின் அல்பங்களில் அவை இருக்கும். 1995க்கு முன் போனவர்களின் கலியாண அல்பங்களை முதலில் கேளுங்கள்.

சுரக் கொப்பி இரண்டையும் மலரின் நடுவில் வையுங்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம். மலரின் பின்பாதியில் வழமையாகக் கந்தசஷ்டி கவசம், சிவபுராணம், அபிராமி அந்தாதி வரும். பஞ்சபுராணம் ஐந்து பாட்டும் கட்டாயம் இருக்கட்டும், தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற ஒழுங்கில். சங்கீத ரீச்சருக்குப் பொருந்தும் என்று சகலகலாவல்லி மாலையின் பத்துப் பாட்டையும் சேர்க்கலாம். மற்றவை எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. அம்மாவின் கையால் எழுதிய சுரம் எவர் வீட்டிலும் இல்லை. நல்ல ஆறு ஏழு உருப்படியைத் தெரிந்து, இடப்பக்கம் கொப்பியின் ஸ்கானும் வலப்பக்கம் தட்டச்சும் வருமாறு போட்டால், படிப்பிப்பவர்கள் அந்த மலரைப் புத்தகமாகப் பாவிப்பார்கள். திவசத்தன்று வாங்கி அலுமாரிக்குள் போகும் மலருக்கும் வகுப்பில் விரித்து வைக்கும் மலருக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

சுரத்தைத் தட்டச்சுச் செய்யும்போது கெடுவது புள்ளி. மேல்ஸ்தாயிக்கு எழுத்தின் மேலும் மந்திரஸ்தாயிக்குக் கீழும் வைக்கும் புள்ளிகளைத் தமிழ் எழுத்துருக்கள் பல தாங்குவதில்லை. ஒழுங்குசெய்பவர் அவற்றை அழுக்கு என்று நினைத்து அழிப்பதும் உண்டு. புள்ளி போனால் "ஸ" எந்த "ஸ" என்று ஒருவருக்கும் தெரியாது. அடுத்தது வரி உடைவது. ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, 4+2+2 என எட்டு அட்சரம். ஒரு வரிக்கு ஒரு ஆவர்த்தனம் என்று கட்டி வைத்ததைப் பக்க அகலம் போதாமல் கணினி அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். காற்புள்ளி ஓர் அட்சர நீட்டம், அரைப்புள்ளி இரண்டு. அவற்றை இலக்கணக் குறிகள் என்று எண்ணி "திருத்தி" விடுவார்கள். ஆகவே இந்தப் பக்கங்களை மட்டும் சங்கீதம் தெரிந்த ஒருவர், பாடிப் பார்த்து, பிழைதிருத்த வேண்டும். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் பாடல்களுக்கு உரிமைச் சிக்கல் இல்லை. 1973இல் மறைந்த பாபநாசம் சிவன் போன்றோரின் சாகித்தியத்துக்கு உரிமைக்காலம் இன்னும் முடியவில்லை, இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு, இலங்கையில் 70. அவற்றின் முதலடி, இராகம், தாளம் மட்டும் போடுங்கள்.

கொப்பிகளை லமினேற் செய்ய வேண்டாம். சூட்டில் மை ஊறும், பிறகு திரும்ப எடுக்க முடியாது. கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்ட வேண்டாம். பத்து வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். துருப்பிடித்த கம்பியை மெதுவாக நிமிர்த்திக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் கட்டி, ஒரு தாளுறையில் இட்டு, துணியில் முடிந்த வசம்போடு பெட்டியில் வையுங்கள்.

வம்சாவழிப் பக்கம்தான் மலர் வந்த பிறகு சண்டை வரும் பக்கம். மச்சான் மச்சாளைக் கட்டிய குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு கிளையில் வருவார். இரண்டு இடத்திலும் போட்டு ஒன்றில் அடையாளமிடுங்கள். காலமானவருக்கு "அமரர்" விடுபட்டால் மனவருத்தம், உயிரோடு இருப்பவருக்கு அது விழுந்தால் அதைவிடப் பெரிய வருத்தம். ஒவ்வொரு கிளைக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, அவருடைய கிளையை மட்டும் அனுப்பி, "இது சரி" என்று எழுத்தில் வாங்குங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதியையும் முகவரியையும் போட வேண்டாம். மலர் இணையத்துக்கும் போகும், மோசடிக்காரர் வங்கியில் கேட்கும் கேள்விகளுக்கு விடை அதில் கிடைக்கும். அம்மாவிடம் இலவசமாகப் படித்தவர்கள், அம்மா யாருக்காவது பரீட்சைக் கட்டணம் கட்டியிருந்தால் அந்தப் பிள்ளைகள், இவர்களின் பெயரை அவர்களைக் கேளாமல் எழுத வேண்டாம். பேணியின் ஒழுங்கு மலரிலும் இருக்கட்டும்.

அச்சு வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊரில் தட்டச்சுச் செய்பவர்கள் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிப்பார்கள். உங்கள் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், மாற்றியில் போட்டால் "ஸ்ரீ", "ஷ" போன்ற எழுத்துகளும் கொம்புகளும் பிசகும். முதலிலிருந்தே எல்லாரும் யுனிகோட்டில் அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். அப்போதுதான் நாளைக்குப் பேரப்பிள்ளை அம்மாவின் பெயரைத் தேடினால் மலர் அகப்படும். பக்க ஒழுங்குக்குப் பிறகு "கொ", "கோ", "கௌ" வரும் சொற்களை மட்டும் ஒரு தடவை பாருங்கள். மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைப் போடாவிட்டால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும்.

ஏ5 அளவு, 64 பக்கம், உள்ளே 100 கிராம் தாள், அட்டை 300 கிராம், நடுவில் கம்பி அடித்தது: உங்கள் தேவைக்கு இது அளவானது. பக்கங்கள் 16இன் மடங்காக இருந்தால் வெற்றுத்தாள் வீணாகாது. ஒரு பிரதி ஏறக்குறைய 120 கிராம், 200 பிரதி 24 கிலோ. விமானத்தில் ஒரு பெட்டிக்கு விடும் 23 கிலோவை அதுவே தாண்டும். ஆகவே யாழ்ப்பாணத்தில் அடித்து எல்லாவற்றையும் தூக்கி வர நினையாமல், அதே பி.டி.எப் கோப்பைக் கொண்டு லண்டனிலும் ரொறன்ரோவிலும் அறுபது எழுபது பிரதி அடிப்பது சுகம். ஆட்களை எண்ணாமல் வீடுகளை எண்ணிப் பிரதி சொல்லுங்கள். மாதிரிப் பிரதியைத் திரையில் பார்த்து அனுமதிக்க வேண்டாம், தாளில் அடித்துத் தங்கச்சி கையில் வாங்கிப் பார்க்கட்டும், முக்கியமாக அம்மாவின் படம் கறுத்துப் போயிருக்கிறதா என்று. ஒரு பிரதியை யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்கும், ஒன்றைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும், கோப்பை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள்.

வீணையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாமா என்று யோசிக்கிறீர்களோ தெரியாது, பலர் அப்படிச் செய்வதால் சொல்கிறேன். வேண்டாம். தந்தியை அழுத்திப் பிடிக்கும் 24 மெட்டும் மெழுகில் பதிந்திருக்கின்றன. மூடிய பெட்டிக்குள் வெயில் பட்டால் மெழுகு இளகி மெட்டுச் சாயும். வாசிக்காமல் கிடக்கும் வீணையில் தந்திகளை ஓரளவு தளர்த்தி, உறையிட்டு, சுவரோரச் சூட்டுக்கு விலக்கி வைக்க வேண்டும். அதைவிட நல்லது, சொந்த வீணை இல்லாத ஒரு மாணவிக்கு இரவலாகக் கொடுப்பது. அம்மாவின் பெயரில் ஏதாவது செய்ய நினைத்தால் அறக்கட்டளை என்று பெரிதாகத் தொடங்கி மூன்றாம் வருடம் நின்றுபோவதைவிட, வருடம் இரண்டு பிள்ளைகளின் சங்கீத சபைப் பரீட்சைக் கட்டணத்தைத் தங்கச்சி மூலம் கட்டுங்கள். அம்மா பிள்ளைகளை ஆயத்தப்படுத்தியதும் அந்தப் பரீட்சைகளுக்குத்தானே.

கடிதத்தின் ஓரத்தில், அம்மாவோடு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த பெரியம்மாவுக்கு 84 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாம் பிந்தலாம். யாழ்ப்பாணத்தில் ஞாயிறு காலை 9 மணி என்றால் உங்களுக்குக் குளிர்காலத்தில் சனி இரவு 10.30, கோடையில் 11.30. பெரியம்மா கோயிலுக்குப் போய் வந்து தேத்தண்ணி குடித்து முடித்திருப்பா. இந்தச் சனி இரவு கூப்பிட்டு, அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் இரவு எந்தத் தேவாரம் பாடினீர்கள் என்று கேளுங்கள்.